புதன்கிழமைக் குரல்

வெள்ளிக்கிழமை காலை பதினொன்று இருபதுக்குச் செய்தி வந்தது. நான் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு வரைபடத்தில் ஆறுகளைக் குறிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். அலுவலக உதவியாளர் கதவருகே வந்து நின்று, "டீச்சர், உங்கம்மா பக்கத்து வீட்டு போன்லேர்ந்து பேசினாங்க. உடனே வரணுமாம்" என்றார்.

எங்கள் வீட்டில் நல்ல போன் இருக்கும்போது அம்மா ஏன் பக்கத்து வீட்டுக்குப் போனாள் என்பதுதான் பஸ்ஸில் வரும்போது என் யோசனையாக இருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் அதைத்தான் முதலில் கேட்டேன்.

"நம்ம போன் காலியா இருக்கட்டும்னுதான். உன் தம்பி கூப்பிட்டா எங்கேஜ்டா இருக்கக் கூடாது பாரு" என்றாள் அம்மா.

கூடத்தில் ராணுவச் சீருடை அணிந்த இருவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். தொப்பிகள் முழங்கால் மேல் இருந்தன. அம்மா கொடுத்த டீயில் ஆடை படிந்திருந்தது. இருவரும் தொட்டிருக்கவில்லை.

"இவங்க வீடு மாறி வந்துட்டாங்கடி. பாவம், இந்த வெயில்ல அலையறாங்க. அட்ரஸ் என்னன்னு பாத்து அனுப்பி வை" என்றாள் அம்மா.

மூத்த அதிகாரி எழுந்து நின்று என்னிடம் சொன்னார். செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்து மணி அளவில், மலைமேல் காவல் இடமான மேல் சாவடியில் பனி சரிந்தது. அங்கே நான்கு பேர் இருந்தார்கள். ஒருவர் மட்டும் தன்னைத் தோண்டி எடுத்துக்கொண்டு, புதன்கிழமை இரவு கீழே நடந்து வந்து சேர்ந்தார். மற்ற மூவரில் ஒருவன் என் தம்பி.

"செவ்வாய்க்கிழமை போனவன் புதன்கிழமை சாயந்திரம் எப்படிப்பா போன்ல பேசுவான்?" என்று அம்மா கேட்டாள். கோபமில்லை. கணக்கு தப்பாகப் போட்ட மாணவனிடம் கேட்பது மாதிரி கேட்டாள். "முந்தாநேத்து. ஆறு பத்துக்கு. இவளும் இங்கதான இருந்தா, கேளுங்க."

நான் அங்கேதான் இருந்தேன். மூத்தவர் என்னைப் பார்த்தார். இளையவர் டீ டம்ளரைப் பார்த்தார். போன் மணி அடித்தது உண்மை, அம்மா பேசியது உண்மை. ஆனால் அம்மாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அதை அந்த இடத்தில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொல்லாமல் இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒருவேளை அம்மா சொல்வது சரியாக இருந்துவிடக் கூடாதா என்று எனக்கும் இருந்தது.

தம்பி என்னைவிட ஆறு வயது இளையவன். அப்பா இறந்தபோது அவனுக்கு ஒன்பது வயது. ஆம்பிளை இல்லாத வீடு என்று வெளியாருக்குத் தெரியக் கூடாது என்பது அம்மாவின் பயம். ஒரு நாள் மாலை யாரோ கதவைத் தட்டினார்கள். உள்ளேயிருந்து அப்பாவின் குரல், "யாரது, இந்நேரத்துல?" என்று கேட்டது. சமையலறையில் அம்மாவின் கையிலிருந்த பாத்திரம் விழுந்தது. குளியலறைக் கதவுக்குப் பின்னால் தொண்டையை இறுக்கிக்கொண்டு நின்றவன் தம்பி. அம்மா அவன் முதுகில் இரண்டு வைத்தாள். ஆனால் தட்டியவன் திரும்பிப் போய்விட்டான். அடுத்த மாதம் இன்னொருவன் வந்து தட்டியபோது அம்மாவே தம்பியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்.

அப்படி வளர்ந்தவன். தலைமையாசிரியர், பஸ் கண்டக்டர், மேல்வீட்டுக்காரி, அவளுடைய மூக்கடைப்பு என்று யார் குரலையும் விடமாட்டான். படிப்பு மட்டும் ஒட்டவில்லை. கல்லூரி இரண்டாம் ஆண்டில் பாதியில் எழுந்து போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தான். அம்மா இரண்டு மாதம் அவனோடு பேசவில்லை. பிறகு அவன் வாரத்துக்கு ஒரு தரம் போனில் கூப்பிட ஆரம்பித்தான். அதன் பிறகு அம்மாவுக்கு வாரம் என்பதே புதன்கிழமையில் தொடங்கிப் புதன்கிழமையில் முடிந்தது.

முகாமைப் பற்றி அவன் விடுமுறையில் வரும்போது என்னிடம் சொல்வான். மலையடியில் தகரக் கொட்டகை. இரண்டு வரிசையில் பதினாறு கட்டில். நடுவில் ஒரு ஸ்டவ். அதற்குப் பக்கத்துக் கட்டில் யாருக்கு என்பதில்தான் உலகப் போரே நடக்குமாம். தண்ணீர் பாட்டிலையும் பூட்சையும் படுக்கைப் பைக்குள் கூடவே வைத்துக்கொண்டு தூங்க வேண்டும், இல்லாவிட்டால் காலையில் இரண்டும் கல்லாகிவிடும். "கட்டிக்கிட்டவளோட படுக்க வேண்டிய வயசுல பூட்சோட படுக்கறோம்க்கா" என்பான். பற்பசையை அக்குளில் வைத்துச் சூடாக்கிப் பிதுக்குவார்கள். அங்கிருந்து ஆறு மணி நேரம் ஏறினால் மேல் சாவடி. நால்வர் நால்வராக, இருபது நாள் முறை. மேலே போன் கிடையாது. வேலைக்கான வயர்லெஸ் மட்டும், அதுவும் காற்று நன்றாக இருந்தால்.

போன் கீழே முகாமில் ஒன்றே ஒன்று. ஒரு மரப்பெட்டி மேல் இருக்கும். பக்கத்தில் ஒரு கடிகாரமும் பதிவேடும். ஒவ்வொருவருக்கும் ஒரு கிழமை, ஒரு நேரம், மூன்று நிமிடம். எங்கள் வீட்டுக்குப் புதன் ஆறு பத்து. குரல் போய்ச் சேரவே ஒரு நொடி ஆகும். டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும்.

இதில் ஒரு சிக்கல். மேலே போனவன் வீட்டுக்கு இருபது நாள் போன் வராது. "மேல போறேன், மூணு வாரம் போன் வராது" என்று வீட்டில் சொல்லவும் அனுமதியில்லை, யார் எப்போது எங்கே என்பது ரகசியம். வீட்டில் இருக்கிறவர்கள் அந்தக் கிழமையில் மணி அடிக்காவிட்டால் பாதி செத்துவிடுவார்கள். அதற்கு முகாமில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தவன் என் தம்பி.

முதலில் அது முகாமின் சமையல்காரனுக்காக. அவன் மேலே போன நேரத்தில் அவன் மனைவிக்கு நிறைமாதம். அவன் கிளம்பும் முன் தம்பியின் கையைப் பிடித்து, "நீ என் குரல்ல பேசுவியாடா, இருக்கேன்னு மட்டும் சொல்லு போதும்" என்று கேட்டிருக்கிறான். தம்பி பேசினான். அந்த அம்மாளின் உடம்பைப் பற்றிப் பரிவாக விசாரித்தான், போன தடவை அனுப்பிய தின்பண்டம் ரொம்ப ருசி என்றும் சொன்னான். பிறகு, "யாருய்யா நீ? என் புருஷன் ஒரு நாளும் நல்லா இருக்குன்னு சொன்னதில்லையே" என்று கேட்டாளாம்.

அதிலிருந்து ஒரு விதி போட்டார்கள். புருஷனைவிட நன்றாகப் பேசக் கூடாது. அப்புறம் இன்னும் சில: எதையும் வாக்குக் கொடுக்கக் கூடாது, புது விஷயம் எதையும் சொல்லக் கூடாது, எப்போது வருவேன் என்று சொல்லவே கூடாது. மேலே போகிறவன் ஒரு நோட்டில் தன் வீட்டைப் பற்றி எழுதிவைத்துவிட்டுப் போவான். யாரை எப்படிக் கூப்பிடுவான், எதற்குச் சிரிப்பான், எந்தப் பேச்சை எடுத்தால் அம்மா அழுவாள் எல்லாம். முகாமில் தம்பிக்கு 'ரேடியோ' என்று பெயர் விழுந்தது இப்படித்தான்.

இதை அவன் ஒரு விடுமுறையில் வந்தபோது என்னிடம் சொன்னான்.

"அப்போ புதன்கிழமை பேசறது நீதான்னு எப்படிடா தெரியும்?" என்றேன்.

"நீ எங்க பேசற? நீதான் போனுக்கே வர மாட்டியே" என்று சிரித்தான். பிறகு, "அம்மாகிட்ட சொல்லிடாதக்கா" என்றான். "சமையக்காரனுக்கு நான் சொல்லிக்குடுத்திருக்கேன். நான் மேல போனா அவன்தான் உன் தம்பி."

அந்தப் புதன்கிழமை நடந்தது இவ்வளவுதான். நான் சாப்பாட்டு மேசையில் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஆறு பத்துக்கு மணி அடித்தது. அம்மா எடுத்தாள். "சொல்லுப்பா... சாப்பிட்டியா... முட்டி வலியெல்லாம் இப்ப தேவலை." பிறகு ரிசீவரை என் பக்கம் நீட்டினாள். நான் சிவப்புப் பேனாவைத் தூக்கிக் காட்டினேன். "அக்கா பேப்பர் திருத்தறாளாம்" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் நின்றாள். திரும்பவும், "என்னது... குளிரலையா? எப்படிடா குளிராம இருக்கும்" என்றாள். அதற்குப் பிறகு அவள்தான் நிறையப் பேசினாள். தண்ணீர்க் குழாய் ரிப்பேர், மேல்வீட்டுக்காரி மகளுக்கு வேலை கிடைத்தது, இப்படி. போனை வைத்துவிட்டு, "இன்னிக்கு நிறைய நேரம் குடுத்திருக்காங்க" என்றாள் சந்தோஷமாக. அதற்குள் நான் நான்கு தாள் திருத்தி முடித்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டி வந்தது. மூடி ஆணியடித்து, மேலே முத்திரை வைத்திருந்தார்கள். திறக்க வேண்டாம் என்று மூத்த அதிகாரி என்னிடம் தனியாகச் சொன்னார். அடக்கத்துக்கு அம்மா வந்தாள். சொந்தக்காரர்கள் நின்ற இடத்தில் நிற்கவில்லை, அக்கம்பக்கத்தார் வரிசையில் போய் நின்றாள். எல்லாரும் அழுதபோது அவள் பெட்டி மேல் கையை வைத்து, மெதுவாக, "யாரு பெத்த பிள்ளையோ. உங்கம்மாவுக்குத் தெரியாமயே இங்க கொண்டாந்துட்டாங்களே" என்றாள். சித்தி என் காதில், "உங்கம்மாவுக்குப் புத்தி கலங்கிடுச்சுடி" என்றாள். கலங்கவில்லை. அம்மாவின் கணக்கில் அது சரியாக இருந்தது. அன்று இரண்டு தரம் என்னிடம், "எந்த வீட்டுப் பிள்ளைன்னு அவங்களக் கேட்டுப் பாருடி, அந்தத் தாய்க்குத் தகவல் போகணும்" என்றாள்.

அடுத்த புதன்கிழமை ஐந்து மணிக்கே நாற்காலியைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான், "அம்மா, எழுந்திரும்மா" என்று கையைப் பிடித்தேன். உதறினாள். மணி வராமல் போனால் ஆறு பதினொன்றுக்கு அவளுக்கு எப்படி இருக்கும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன்.

ஆறு பத்துக்கு மணி அடித்தது.

அம்மா எடுத்தாள். "சொல்லுப்பா." பதில் இல்லை. வெறும் இரைச்சல், காற்று ஒரு நீளக் குழாய்க்குள் போவது போல. நின்ற இடத்திலேயே எனக்கும் அது கேட்டது. "சொல்லுப்பா, கேக்கல" என்றாள். பிறகு என்னிடம் நீட்டினாள். "லைன் சரியில்ல போல. நீ கேளு."

ஒரு வருஷத்துக்கு மேலாக நான் அந்த ரிசீவரைக் காதில் வைத்ததில்லை.

"யாரு?" என்றேன்.

"அக்கா" என்றது என் தம்பியின் குரல்.

அந்த 'அக்'கில் அவன் லேசாக நின்று 'கா'வை இழுப்பான். அதே இழுப்பு. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். வேறொரு குரல், தடித்த குரல், திக்கித் திக்கி வந்தது. "மன்னிச்சிருங்கக்கா. நான் அவன் இல்ல. சமையக்காரன். வேற பேசணும்னுதான் எடுத்தேன், பழக்கத்துல வந்துருச்சு."

"என்னடி சொல்றான்?" என்றாள் அம்மா.

"லைன் சரியில்லம்மா" என்றேன். போனில் மட்டும் கேட்கும்படி, "நேர்ல வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அது நான் செய்த பெரிய தப்பு. மணி அடித்ததே அம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு மூன்று புதன்கிழமை மணி அடிக்கவில்லை. ஆனாலும் அவள் ஐந்து மணிக்கே போய் உட்கார்ந்தாள். லைன் சரியில்லை என்று நான்தானே சொன்னேன். போன் கம்பெனிக்குப் புகார் கொடுத்தாயா என்று தினம் கேட்டாள். வெளியே போவதை நிறுத்திவிட்டாள். குளிக்கப் போனாலும் கதவைச் சாத்துவதில்லை. இப்படியே விட்டால் சாகும்வரை அந்த நாற்காலியில்தான் இருப்பாள் என்று எனக்குத் தெரிந்தது. சொன்னாலோ, அவன் பேசிய கடைசிப் பேச்சையே அவளிடமிருந்து பிடுங்கியதாகிவிடும்.

சமையல்காரன் ஒரு திங்கட்கிழமை வந்தான். குட்டையான, தடித்த ஆள். முன்னங்கையில் எண்ணெய் தெறித்த தழும்புகள். பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு நோட்டு கையில் இருந்தது. அம்மா அவனுக்குச் சாப்பாடு போட்டாள், இரண்டாம் தரம் கேட்காமலே போட்டாள்.

"அவன்கூட இருந்தவனாப்பா நீ? எப்ப வரான்?"

அவன் என்னைப் பார்த்தான். "சொல்லிடுங்க" என்றேன்.

சொன்னான். நோட்டைப் பற்றி, குரல்களைப் பற்றி. சரிவு நடந்தது கீழே யாருக்கும் தெரியாது, திங்கள் இரவிலிருந்தே வயர்லெஸ் வேலை செய்யவில்லை. காற்று என்று நினைத்தார்கள். பட்டியலில் ரேடியோ மேலே இருப்பதாக இருந்தது, அதனால் புதன் ஆறு பத்துக்கு அவன் போய்ப் பேசினான். "அவன் செத்துட்டான்னு தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா என் நாக்க அறுத்திருப்பேன்." தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

அம்மா தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தாள். "என் பிள்ளை குரல் எனக்குத் தெரியாதா?" என்றாள். அப்புறம், "அந்த ரூமுக்குள்ள போ. கதவச் சாத்திக்கிட்டு, அன்னிக்கு என்ன பேசினியோ அதப் பேசு" என்றாள்.

"வேணாம்மா" என்றேன்.

"நீ சும்மா இரு."

அவன் கைகழுவிவிட்டு, என் தம்பியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து என் தம்பி பேசினான்.

"அம்மா, நான்தான். சாப்பிட்டேம்மா. முட்டி வலி எப்படி இருக்கு? அக்கா இருக்காளா?"

பட்டப்பகல். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. குரல் நின்றது.

"அப்புறம்?" என்றாள் அம்மா.

"அவ்வளவுதாம்மா." இது சமையல்காரனின் குரல். "லைன் கட்டாயிருச்சு."

"குளிரலன்னு சொன்னியே."

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான். "நான் சொல்லலம்மா. குளிரப் பத்திப் பேச்சே எடுக்கக் கூடாது, நீங்க ராத்திரி தூங்க மாட்டீங்கன்னு அவன் நோட்டுலயே எழுதியிருக்கான். அக்கா இருக்காளான்னு கேட்டேன், அதோட போச்சு. பதிவேட்டுல நாப்பது செகண்டுன்னு எழுதியிருக்கு. நாலு தடவ திரும்பப் போட்டேன். நாலு தடவையும் எங்கேஜ்டா இருந்துச்சு."

நான் நான்கு தாள் திருத்தியது அப்போது நினைவுக்கு வந்தது. ஒரு தாளுக்கு எனக்கு எப்படியும் இரண்டு நிமிடம் ஆகும். இதற்கு என்னிடம் விளக்கமில்லை. லைனில் ஏதோ கோளாறு என்று வைத்துக்கொள்ளலாம். அறுந்த போனில் அம்மா தானாகவே பேசியிருக்கலாம். பலநாள் இதை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அம்மா விளக்கம் தேடவில்லை. ரொம்ப நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா பேப்பர் திருத்தறான்னேன். சத்தமே இல்ல. வைக்கலாம்னு பாத்தேன். அப்பத்தான், இப்ப குளிரே இல்லம்மான்னான். எப்படிடான்னு கேட்டேன். பதில் சொல்லல. நான் பேசினதெல்லாம் கேட்டுக்கிட்டே இருந்தான்." பிறகு எங்கள் இருவரிடமும் இல்லாமல், "குளிரலன்னு சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்து காலு சில்லுனுதான் இருக்கும்" என்றாள்.

சமையல்காரனிடம் திரும்பினாள். "செவ்வாய்க்கிழமைதானேப்பா?"

"ஆமாம்மா. விடிகாலை."

"செவ்வாய்க்கிழமை" என்று இன்னொரு தரம் சொன்னாள். அப்போதுதான் அழுதாள். சத்தம் போட்டு, வாயை மூடாமல், அடக்கம் முடிந்து இருபத்தொன்பது நாள் கழித்து. பெட்டி மேல் கை வைத்து வேறொரு தாய்க்காக இரங்கியதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். "என் பிள்ளைய நானே யாரோன்னுட்டேனே." சமையல்காரன் சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். நான் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். மாலையில் அவளே புடவை மாற்றிக்கொண்டு, "அவன் இருக்கிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள். மூன்று பேரும் போய்வந்தோம். அந்த வாரம் புதன்கிழமை ஐந்து மணிக்கு நாற்காலி மேசைக்கடியிலேயே இருந்தது.

நோட்டைச் சமையல்காரன் என்னிடமே விட்டுப்போனான். முகாமில் இனி யாரும் யாருக்காகவும் பேசுவதில்லை என்றான். பதினோரு வீடுகள் இருக்கின்றன அதில். ஒருவன் தன் மகளை எலிக்குட்டி என்று கூப்பிடுவான். ஒருவன் அப்பாவிடம் பேசினால் முதலில் ஒரு நிமிடம் திட்டு வாங்க வேண்டும், குறுக்கே பேசக் கூடாது. எங்கள் வீட்டுக்கு என் தம்பி இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறான். முதல் பக்கம் அம்மாவுக்கு, ஓரம்வரை இடைவெளி இல்லாமல் நெருக்கி எழுதியிருக்கிறான். சாப்பிட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அவள் பேசும்போது 'ம்' போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், போனை அவள் வைத்த பிறகுதான் வைக்க வேண்டும்.

இரண்டாவது பக்கத்தின் தலையில் 'அக்கா' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறான். மேலே கிளம்புகிற காலையில் எழுதிக்கொண்டிருந்தான் என்றும், நேரமாகிவிட்டது, வந்து முடிக்கிறேன் என்று நோட்டை மூடிக் கொடுத்தான் என்றும் சமையல்காரன் சொன்னான். அந்தப் பக்கத்தில் இருப்பது ஒன்றரை வரி. 'டீச்சர். போனுக்கு வர மாட்டாள். எப்போதாவது வந்தால்' என்பதோடு நிற்கிறது.